ஏ.சி. வாங்குமுன் பில்லைப் பாருங்கள்

அரசு அலுவலகத்தில் ஏ.சி. கேட்டுக் கோப்பு போடுவது ஒரு பிரிவு. கரண்ட் பில் கட்டுவது இன்னொரு பிரிவு. ரிப்பேர் எலக்ட்ரீஷியன் தலையில். ஏ.சி.யின் உயிர் போனதும் ஏலம் விட அலைவது ஸ்டோர். அதற்கும் 2023 ஏப்ரல் முதல் புதிய மின்னணுக் கழிவு விதிகள் வேறு. எல்லாரும் ஒரே கட்டடம்தான், ஆனால் டெண்டருக்கு முன் ஒரு மேசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கரண்ட் செலவையும் பார்த்து வாங்கக்கூடாதா என்று கேட்டால், “குறைந்த விலைக்குத்தான் சார் கொடுக்கணும், சட்டம்” என்பார்கள். தமிழ்நாட்டின் 1998 டெண்டர் சட்டத்தைச் சொல்கிறார்கள். சரி, ஐந்து ஸ்டார் வேண்டும் என்று ஸ்பெசிஃபிகேஷனில் எழுதிவிட்டு, அதில் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்க யார் தடுத்தது? டெண்டர் திறந்தபின் மின்சாரச் சிக்கனம் பேசிப் பயனில்லை.

கோப்பு எழுதும் நண்பர்களே, அடுத்த முறை கணக்குப் பிரிவில் பழைய பில்களையும், எலக்ட்ரீஷியனிடம் ரிப்பேர் நோட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.