புள்ளி போன பெயர்

வெள்ளிக்கிழமை மாலை. ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவு மென்பொருள் திங்கள் காலை ஓடத் தொடங்க வேண்டும். டெஸ்டிங்கில் அகப்பட்ட பக்குகளில் 11 மிச்சம். எல்லாவற்றுக்கும் 'மைனர்' என்று போட்டிருந்தோம். அதில் ஒன்று மட்டும் என்னை இருக்கையை விட்டு எழவிடவில்லை.

சோதனைக்காக மீனாட்சிசுந்தரம் என்று பதிந்து டோக்கன் சீட்டை எடுத்தேன். 'மீனாட்சிசுந்தரம' என்று வந்தது. சீட்டில் பெயருக்கு 15 இடம். நம் கண்ணுக்கு அது ஒன்பது எழுத்துதான். ஆனால் யூனிகோடில் புள்ளிக்கும் காலுக்கும் சுழிக்கும் தனித்தனி எண் உண்டு. கணினி 16 என்று எண்ணியது. கடைசியில் நின்ற புள்ளி வெட்டுப்பட்டது. முத்துக்கிருஷ்ணனுக்கோ ஓர் எழுத்தே போயிற்று.

அன்றிரவே திருத்தியிருக்கலாம். ஆனால் அச்சு அமைப்பைத் தொட்டால் அதுவரை சோதித்ததையெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. டாக்டர் அழைப்பது டோக்கன் எண்ணை வைத்துத்தான். அதனால் ரிலீஸ் செய்யலாம் என்றே நானும் சொன்னேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உறுத்தியது, ரிலீஸ் குறிப்பில் நாங்கள் எழுதியிருந்த வரி: 'நீளமான சில பெயர்கள் முழுமையாக அச்சாகாமல் போகலாம்.'

அதைப் படித்ததும் வேறொரு எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு 100 மணி நேரமாக அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணும். இரும எண்ணில் பத்தில் ஒன்றைத் துல்லியமாக எழுத முடியாது. விடுபட்ட துளி சேர்ந்து சேர்ந்து 0.34 நொடியாகியிருந்தது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். குறை முன்பே தெரியும். இரண்டு வாரம் முன்னதாக இஸ்ரேலியர்கள் சொல்லியிருந்தார்கள். திருத்தமும் தயாராகி, மறுநாள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது. இடையில் படைகளுக்குப் போன எச்சரிக்கையில் 'மிக நீண்ட நேரம்' ஓட்டினால் குறி விலகலாம் என்று மட்டும் இருந்தது. எத்தனை மணி நேரம் என்று யாரும் எழுதவில்லை. ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் கடிகாரம் சரியாகியிருக்கும். ஒன்றிரண்டு நிமிட வேலை.

எங்கள் 'நீளமான' என்ற சொல்லை அடித்தேன். "தமிழ்ப் பெயர் ஏழு எழுத்தைத் தாண்டினால் கடைசிப் பகுதி சீட்டில் விடுபடலாம். திரையில் முழுப் பெயர் இருக்கும். பார்த்து, பேனாவால் நிரப்பிக் கொடுக்கவும்" என்று எழுதி, அதையே பெரிய எழுத்தில் அச்செடுத்துத் திங்களன்று கவுன்டரில் ஒட்டச் சொன்னேன்.

அன்று நானும் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் ஒரு பெரியவரின் சீட்டைக் கிழித்து, திரையை ஒருமுறை பார்த்து, கடைசி எழுத்தின் தலையில் நீல மையில் புள்ளி வைத்து நீட்டினார். புதன்கிழமை திருத்தம் போகும்வரை அந்தப் பேனா நூலில் கட்டி அங்கேயே தொங்கியது.