மரியாஸ்ரைன்: இறங்கி ஏறும் படிகள்



சுவிஸுக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எங்களுக்குச் சங்கடமான நாள். கடைகள் பூட்டு. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒற்றை அறைக்குள் நானும் மனுசியும் மூன்று வயது மகனும். வெளியே போக ஆசை, போக இடம் தெரியாது, கையில் காசும் இல்லை. அப்போது மேல்மாடியில் இருந்த ஒரு அக்காதான், "மரியாஸ்ரைனுக்கு ஒருக்கா போட்டு வாங்கோவன் தம்பி. மடுவுக்குப் போனமாதிரி மனசு ஆறும்" என்று சொன்னா. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த இடத்தைப் பற்றியும், அங்கே நான் கற்றுக்கொண்டதைப் பற்றியும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி சுலபம். பாசலில் 10ஆம் இலக்க மஞ்சள் ட்ராமில் ரொடர்ஸ்டோர்வ் பக்கம் போகிறதாகப் பார்த்து ஏற வேண்டும். பட்டணம் முடிந்து தோட்டங்களும் வயல்களும் வரும். வசந்த காலமென்றால் செரி மரங்கள் வெள்ளையாகப் பூத்து நிற்கும். புளூ என்ற தரிப்பிடத்தில் இறங்கி மேலே போகும் தபால் பஸ்ஸைப் பிடிக்கலாம். கால் பலமுள்ளவர்கள் காட்டுப் பாதையால் நடக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புளூவில் இறங்காவிட்டால் அடுத்த தரிப்பிடம் லைமன். அது பிரான்ஸ் நாடு. இந்த ட்ராம் பிரான்ஸுக்குள் புகுந்து மறுபடி சுவிஸுக்குள் வருகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2015ஆம் ஆண்டு சித்திரை மாதம், முதல் பயணம். இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் அப்படியே புறப்பட்டோம். ட்ராமில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் பெயர்ப்பலகை எல்லாம் பிரெஞ்சில். அப்போது எங்களிடம் இருந்தது 'என்' அட்டை. அந்த அட்டையோடு நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு நெஞ்சு படபடத்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அவ்வளவு சனத்துக்கும் முன்னால் மனுசியைப் பார்த்து, "நீ முழிச்சுக்கொண்டுதானே இருந்தனி, உனக்கு வாசிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. மகன் அவவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எதிரே வந்த ட்ராமில் ஏறிப் புளூவுக்குத் திரும்பி வந்தோம். எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. ஆனால் மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் மாதாவிடம் போய்ச் சேர்ந்தோம்.

மரியாஸ்ரைன் என்றால் 'கல்லில் மரியாள்'. சொலத்தூண் மாநிலத்தில், செங்குத்தான பாறையின் விளிம்பில் கோவிலும் மடமும் நிற்கின்றன. பெரிய கோவில் மேலே. ஆனால் எல்லோரும் தேடிப் போகும் மாதா கீழே, பாறைக் குகைக்குள் இருக்கிறா. நீண்ட ஓடையால் நடந்து ஏறத்தாழ 60 படி இறங்க வேண்டும். வழி நெடுக, மாதா உதவினா என்று நன்றி சொல்லிப் பதித்த கற்பலகைகள். குகைக்குள் மெழுகுதிரி வெளிச்சம். பட்டுடுத்தி, பிள்ளையைக் கையில் ஏந்தி, சிரித்த முகத்தோடு மாதா. கத்தோலிக்கர் மட்டுமல்ல, திருநீறு பூசிய நெற்றியோடு எங்கள் சைவ உறவுகளும் அங்கே வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். மடுவில் எப்படியோ, இங்கேயும் அப்படித்தான்.

இந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. மாடு மேய்க்க வந்த ஒரு தாய் குகையில் கண்ணயர்ந்த நேரம், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை பாறையிலிருந்து கீழே விழுந்துவிட்டதாம். தாய் ஓடிப் போய்ப் பார்த்தால் பிள்ளை காயமில்லாமல் நிற்கிறது. ஒரு பெண் தன்னைத் தாங்கினா என்று சொன்னதாம். 1434ஆம் ஆண்டிலேயே இங்கே ஒரு சிற்றாலயம் இருந்ததாக எழுத்தில் இருக்கிறது. 1541இல் கொள்ளைநோய்க்குப் பயந்து வந்து தங்கியிருந்த ஒரு பிரபுவும் இதே பாறையால் விழுந்து உயிர் தப்பினார். அந்த நிகழ்ச்சியை ஓவியமாக இன்றும் காணலாம்.

தாய் நித்திரையான நேரம் பிள்ளை விழுந்த கதையைப் பின்னாளில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் நித்திரையாகித்தான் வழி தவறினேன். ஆனால் பழியை மனுசி மேல் போட்டேன்.

அன்று குகையில் முழந்தாளிட்டு, "அம்மா, இந்தக் கோபத்தை இண்டைக்கே என்னைவிட்டு எடுத்துப்போடுங்கோ" என்று அழுது மன்றாடினேன். மனசு இலேசாக இருந்தது. புது மனிதனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. மகன் பாலைக் கொட்டிவிட்டான். பழையபடி கத்தினேன். அதன் பிறகு பல மாதங்கள் நான் கோவில் பக்கமே போகவில்லை. மாதா கேட்கவில்லை என்ற கோபம் ஒரு பக்கம், நான் திருந்தாத சாதி என்ற வெட்கம் ஒரு பக்கம்.

மறுபடி போனது மனுசியின் வற்புறுத்தலால். அன்று கோவில் முற்றத்தில் வயதான துறவி ஒருவர் எங்கள் மகனோடு விளையாட்டுக் காட்டினார். என் உடைந்த ஜேர்மனில் அவரோடு கதைத்தேன். நாங்கள் அகதிகள் என்றதும் சிரித்து, "நாங்களும்தான்" என்றார். பகிடி என்று நினைத்தேன். பிறகுதான் கதை தெரிந்தது.

இந்த மடம் புனித பெனடிக்ற் சபையைச் சேர்ந்தது. ஆசீர்வாதப்பர் என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அவர்தான். பைன்வில் என்ற இடத்திலிருந்து 1648இல் துறவிகள் இங்கே வந்தார்கள். 1798இல் பிரெஞ்சுப் படைகள் வந்தபோது விரட்டப்பட்டுச் சில ஆண்டுகளில் திரும்பினார்கள். 1874இல் மாநில மக்கள் வாக்களித்து மடத்தை மூடினார்கள். துறவிகள் பிரான்ஸில் டெல் என்ற ஊருக்குப் போனார்கள். அங்கேயும் துறவற சபைகளுக்கு எதிரான சட்டம் வந்தது. ஒஸ்திரியாவுக்குப் போய், 1906இல் பிரகென்ஸ் நகரில் குடியேறினார்கள். 1941இல் நாசிகள் அங்கிருந்தும் துரத்தினார்கள். அப்போது சொந்த மடத்துக்கே தஞ்சம் கேட்டு வந்தவர்களாகத் திரும்பினார்கள். மடம் சட்டப்படி அவர்கள் கைக்கு வர 1971 ஆகிவிட்டது. ஏறத்தாழ நூறு வருசம்!

எனக்கு மடு மாதாவின் நினைவு வந்தது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கி வந்தபோது திருச்சொரூபத்தை மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அதே நாட்களில் நாங்களும் மூட்டை முடிச்சோடு அலைந்துகொண்டிருந்தோம். ஓகஸ்ட் மாதம் மாதா மடுவுக்குத் திரும்பிவிட்டா. நாங்கள் திரும்பவில்லை.

துறவியிடம் என் கோபத்தைப் பற்றிச் சொன்னேன். மன்றாடியும் மாறவில்லை என்றேன். அவர் பெரிய பிரசங்கம் செய்யவில்லை. தங்கள் சபையில் சேருகிறவர்கள் கொடுக்கும் மூன்று வாக்குறுதிகளைச் சொன்னார். ஒன்று, ஓரிடத்தில் நிலைத்திருப்பது. மற்றது, கீழ்ப்படிவது. இன்னொன்று, நடத்தையில் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போவது. "நல்லவனாகிவிட்டேன் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை, திரும்பிக்கொண்டே இருப்பேன் என்றுதான் கொடுத்தோம். நான் இன்றைக்கும் பழகுகிறேன்" என்றார். அவருக்கு எண்பது வயது இருக்கும்.

பெனடிக்ற் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலைப் பற்றியும் சொன்னார். அதில் நற்செயல்களைக் கருவிகள் என்றும், மடத்தை அந்தக் கருவிகளால் வேலை செய்யும் பட்டறை என்றும் எழுதியிருக்கிறாராம். தொழிற்சாலைக்காரன் எனக்கு இது நன்றாக விளங்கியது. அந்தக் கருவிகளில் சில: கோபத்துக்கு இடம் கொடாதே. சண்டை பிடித்தவரோடு பொழுது படுமுன் சமாதானமாகு. பரிசுத்தனாகு முன் பரிசுத்தன் என்று பெயர் எடுக்க ஆசைப்படாதே. கடைசிக் கருவி, கடவுளின் இரக்கத்தில் ஒருபோதும் நம்பிக்கை இழக்காதே. தாழ்மைக்கு 12 படி உள்ள ஓர் ஏணியையும் அந்த நூலில் காட்டுகிறார். தன்னைத் தாழ்த்துகிறவன் அதில் மேலே போவான், உயர்த்துகிறவன் கீழே வருவான். மாதாவைக் காண ஏன் இத்தனை படி இறங்க வேண்டியிருக்கிறது என்று அன்று யோசித்தேன்.

நான் வேலை செய்வது பிளாஸ்ரிக் பொருட்கள் வார்க்கும் தொழிற்சாலையில். உருகிய பிளாஸ்ரிக்கை அச்சுக்குள் செலுத்துவது கண நேரத்து வேலை. ஆறுவதற்குத்தான் அதிக நேரம். அவசரப்பட்டு அச்சைத் திறந்தால் பொருள் வளைந்து போகும், குப்பைக்குத்தான். இதை எத்தனை வருசம் கையால் செய்தும் வீட்டில் நான் ஆறுமுன்தான் வாயைத் திறந்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்தேன். வேலை முடிந்து வந்தால் உடனே கதவைத் திறப்பதில்லை. படிக்கட்டில் நின்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுத்தான் திறப்பு போடுவேன். கத்திவிட்டால் அன்றைக்கே, படுக்க முன், மன்னிப்புக் கேட்பேன்.

சொல்லுவது சுலபம். மகனிடம் முதல் முறை மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அப்பாமார் எங்களிடம் கேட்டதில்லையே! அவனுக்கு அப்போது ஐந்து வயது. "அப்பா பிழை விட்டிட்டன்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கும் கத்துவீங்களா?" என்று கேட்டான். "கத்தாமல் இருக்கப் பாக்கிறன்" என்றேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் அன்பு, பொறுமை, சாந்தம், தன்னடக்கம் போன்றவற்றைத் தூய ஆவியின் கனி என்கிறார். கனி என்றுதான் சொன்னார். அச்சில் வார்க்கிற பொருள் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் வடலி வளர்ந்து நுங்கு தர பத்துப் பதினைந்து வருசம் காத்திருக்கிறோம். பேதுருவைப் பாருங்கள். படகை விட்டு ஆண்டவரின் பின்னால் போனவர், பிறகு வாளை உருவினார், மூன்று தரம் மறுதலித்தார். திருச்சபைக்குத் தலைவரான பின்னும் அந்தியோக்கியாவில் பவுலிடம் பேச்சு வாங்கினார். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. இத்தனை காலம் நான் ஒரு நாளில் மாற ஆசைப்பட்டதும்கூட ஒருவகைப் பெருமைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் மாறிவிட்டேனா? தெரியாது. போன மாதமும் ஒரு நாள் கதவை அடித்துச் சாத்தினேன். ஆனால் ஒன்று தெரியும். முந்தி என் திறப்புச் சத்தம் கேட்டால் மகன் கட்டிலுக்குப் பின்னால் ஒளிவான். இப்போது அவன் என்னைவிட உயரம். திறப்புச் சத்தம் கேட்டால், தலையைத் தூக்காமலே, "அப்பா, சோறு போட்டு வைச்சிருக்கு" என்கிறான். இந்தக் கட்டுரையை மனுசியிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. இன்னும் இருக்கு" என்றா. அதுவும் உண்மை.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். விசாவுக்குக் காத்திருப்பு, விளங்காத மொழி, முறிந்த நித்திரை. வெளியில் யாரிடமும் காட்ட முடியாத கோபத்தை எல்லாம் நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பெண்சாதி பிள்ளைகள் மேல் இறக்கிவிடுகிறோம். ஒரு ஞாயிறு மரியாஸ்ரைனுக்குப் போய் வாருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், செலவு குறையும். முதியவர்களைப் படிகளில் மெதுவாகக் கூட்டிச் செல்லுங்கள். குகையில் சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் இருங்கள். உடனே மாற்றம் தெரியாவிட்டால் என்னைப்போல மனம் விட்டுவிடாமல் மறுபடியும் போங்கள்.

ட்ராமில் மட்டும் நித்திரை கொள்ள வேண்டாம். கொண்டுவிட்டாலும் பயமில்லை, எதிரே இன்னொரு ட்ராம் வரும். ஏறித் திரும்பி வாருங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பேசாமல் வாருங்கள்.