வண்டிக்கு ஊத்துற தண்ணி

மாமா அந்த அம்பாசிடரை வாங்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாம் கை வண்டி. மெட்ராஸ் புதுப்பேட்டையில் பொறுக்கி வந்த உதிரிகளைப் போட்டு, பாலாடை நிறத்தில் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார். காட்பாடி ரயிலடியில் வந்து இறங்கும் வங்காளத்துக்காரர்களை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியே ரெண்டு வருஷத்தில் கடனை அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. முதல் சவாரி அக்கா குடும்பம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். காசு வராத சவாரியில் ஆரம்பித்தால் வண்டி விளங்குமா என்று நைனா முணுமுணுத்தது அம்மா காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

1988 மே மாதம், கத்திரி வெயில். எனக்கு 9 வயது, தங்கச்சிக்கு 5, தம்பி கைக்குழந்தை. போக வேண்டிய இடம் ஏலகிரி. வேலூரில் மே மாதம் கழிக்கிற பிள்ளையிடம் போய், அங்கே ராத்திரியில் போர்வை வேண்டும் என்றால் எப்படி நம்பும்? நான் நம்பவில்லை. ஆனால் 14 கொண்டை ஊசி வளைவு என்று மாமா சொன்னதை நம்பினேன். ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்.

சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். முன்சீட்டில் மாமாவும் நைனாவும், பின்னால் அம்மா, ஆயா, நாங்கள் மூன்று பேர். காலடியில் புளிச்சோற்றுத் தூக்கு, தம்பியின் துணி மூட்டை, பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீர். பள்ளிகொண்டா வந்ததும் ஆயா கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரங்கநாதர் படுத்துக்கொண்டிருக்கிறார், எழுப்பாமல் போகலாம் என்றார் மாமா. ஆயா அவர் தலையில் ஒரு தட்டு தட்டியது.

அப்போது அந்த ரோடு இப்படி இல்லை. எதிரில் லாரி வந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். ரெண்டு பக்கமும் புளியமரம் நின்று மேலே கை கோத்திருக்கும். வலது பக்கம் மரங்களுக்கு நடுவே பாலாறு தெரியும். அதாவது மணல் தெரியும். பாலாற்றில் தண்ணீர் என்பது எனக்கு ஆயா சொல்லும் கதைகளில் ஒன்று. 1903இல் மைசூர்ப் பக்கம் ஏரிகள் உடைந்து ஒரே ராத்திரியில் வாணியம்பாடியை வெள்ளம் வாரிக்கொண்டு போனதை ஆயாவுக்கு அதன் அம்மா சொல்லியிருந்தது. அந்த மணலைப் பார்த்தபடி அந்தக் கதையைக் கேட்பது, வழுக்கைத் தலையர் தன் சடையைப் பற்றிச் சொல்வதைக் கேட்பது மாதிரி இருக்கும்.

மாதனூர் தாண்டியதும் ஒரு லாரி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து உப்புத்தண்ணீர் ரோட்டில் கோடு இழுத்துக்கொண்டே வந்தது. அம்மா முந்தானையால் தம்பியின் மூக்கைப் பொத்தினாள். நைனா மட்டும் லேசாக முகர்ந்து, “மாட்டுத்தோலு. உப்பு சரியா போடல” என்றார். அவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, ஷாப்புதான். ஊரெல்லாம் மூக்கைப் பிடிக்கிற சரக்கை அவர் காபிப்பொடி மாதிரி தரம் பிரிப்பார். தங்கச்சிக்கு அந்த வாடையே போதுமாக இருந்தது. ஜன்னலுக்குத் தலையை நீட்டுவதற்குள் ஆயாவின் மடியிலேயே வாந்தி எடுத்தாள்.

ஆம்பூரைத் தாண்டி மின்னூர் பக்கம் போகும்போது ‘பட்’டென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பானட்டுக்குள்ளிருந்து இட்லிக்குண்டான் மாதிரி ஆவி வந்தது. மாமா ஓரம் கட்டினார். அப்புறம் அவர் செய்த காரியத்தை ஓட்டத் தெரிந்த யாரும் செய்யமாட்டார்கள். துண்டை மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மூடி எங்கே பறந்தது என்று அப்புறம் தேடித்தான் எடுத்தோம். கொதிதண்ணீர் அவர் முழங்கைவரை அடித்துவிட்டது. அம்மா கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பாதித் தண்ணீரை அவர் கையில் ஊற்றினாள். மீதியை, அவர் வலி பொறுக்காத வேகத்தில், கூஜாவைப் பிடுங்கி ரேடியேட்டரில் கவிழ்த்தார். அது ‘சொய்ங்’ என்று குடித்துவிட்டு மறுபடி ஆவி விட்டது.

“புள்ளைங்களுக்கு வெச்சிருந்ததுடா அது!”

“வண்டி போனாத்தானக்கா புள்ளைங்க போவும்?”

வெறும் கூஜாவைப் பார்த்ததும் தங்கச்சிக்குத் தாகம் வந்துவிட்டது. அவள் அழ, அவளைப் பார்த்துத் தம்பி அழ, புளியமரத்தடியில் எங்கள் ஏலகிரி முடிந்தது. நைனா கூஜாவை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் தேடிக் கிளம்பினார்.

ரோட்டை ஒட்டிய கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. நல்ல கட்டுக்கிணறு. எட்டிப் பார்த்தேன், தண்ணீரும் இருந்தது. மே மாதத்தில் கிணற்றில் தண்ணீர் இருப்பதே எங்கள் ஊரில் திருவிழாதான். ஆனால் ராட்டினத்தில் கயிறு இல்லை. பக்கத்தில் நாலைந்து தென்னைகள், மட்டையெல்லாம் தொங்கி, குரும்பைகூட இல்லாமல். கிணற்றைச் சுற்றி மண்ணில் கோலமாவு கொட்டினமாதிரி வெள்ளை பூத்திருந்தது. நைனா வேட்டிமுனையில் அதை ஒற்றி எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார். ஒன்றும் சொல்லவில்லை.

பம்புசெட்டுக் கொட்டகையில் வாளியும் கயிறும் கிடந்தன; நைனா கட்டி இறக்கி இழுத்தார். தண்ணீர் வெறும் டீத்தண்ணி நிறம். நான் கையை விட்டு ஒரு வாய் அள்ளிவிட்டேன். உப்பு என்று சொன்னால் போதாது. உப்பு கரித்து அடங்கினபிறகு நாக்கின் அடியில் துருப்பிடித்த சாவியை வைத்தமாதிரி ஒன்று மிஞ்சியது.

“தம்பி, துப்பு! துப்பு!” என்று ஒரு அம்மா ஓடி வந்தது. கண்டாங்கியை வரிந்து கட்டியிருந்தது. “வண்டி நின்னு போச்சா? இது வண்டிக்கு ஊத்துற தண்ணி சாமி. குடிக்கிற தண்ணி இல்ல. மாடே மோந்து பாத்துட்டு வந்துடும்.”

“எத்தன வருசமாம்மா இப்பிடி?” என்றார் நைனா.

“இவன விட ஒண்ணு ரெண்டு கூட இருக்கும்” என்று என்னைக் காட்டியது. நெல் வைத்து, கருகி, கேழ்வரகு வைத்து, அதுவும் கருகி, கடைசியில் விட்டுவிட்டார்களாம். “எம் புள்ளையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்தத் தோல் ஷாப்புலதான் வேலைக்குப் போறான். யார போயி கேக்கறது?”

நைனா தான் எங்கே கணக்கு எழுதுகிறார் என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியது.

வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு குடம், மேலே தட்டு, தட்டின் மேல் சொம்பு. மலையடிவாரத்துக் கிணற்றிலிருந்து காலையில் தலையில் சுமந்து வந்ததாம். எங்கள் கூஜாவில் சொம்பு சொம்பாக ஊற்றியது: ஒன்று, ரெண்டு, மூணு. மூணாவது சொம்பின்போது குடத்தைச் சாய்க்கவேண்டி வந்தது. சாய்த்த குடத்தின் வயிற்றில் தண்ணீர் குலுங்கும் சத்தத்தை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். பாதிகூட இல்லை. நைனா போதும் போதும் என்றார். “கொழந்த அழுவுதே, இங்க வரைக்கும் கேக்குது” என்று நாலாவதும் ஊற்றியது.

நாங்கள் திரும்புவதற்குள் மாமா கோளாறைக் கண்டுபிடித்திருந்தார். பேன் பெல்ட் அறுந்து இன்ஜினுக்கு அடியில் செத்த பாம்பாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் உதிரிபாகக் கடை மூடியிருக்கும். வாளித் தண்ணீரைக் கண்டதும் மாமா கூஜா பக்கமே திரும்பவில்லை; அம்மா பார்த்த பார்வை அப்படி.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தோல் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. நைனா உள்ளே போய்ப் பேசினார். அவர் பேச்சைக் கேட்டதுமே அங்கிருந்த பாய்க்குத் தொழில்காரர் என்று தெரிந்துவிட்டது, டீ வந்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வீட்டு உயரத்துக்கு ஒரு மர டிரம் படுத்தவாக்கில் உருண்டுகொண்டிருந்தது. உள்ளே தோலும் தண்ணீரும் ‘தொப், தொப்’பென்று விழும் சத்தம். வெளியே அடுக்கியிருந்த ஈரத்தோல்கள் வானத்து நீலத்தில் இருந்தன. நீல ஆட்டை நான் பார்த்ததே இல்லை. “குரோம் போட்டா அப்பிடித்தான். முன்ன ஆவாரம்பட்டையும் கடுக்காயும், அப்ப தோலு செவப்பா இருக்கும்” என்றார் நைனா. டிரம்முக்கு அடியிலிருந்து போன வாய்க்காலில் டீத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஒருவர் சணலோடு வந்தார். பானட்டுக்குள் குனிந்து மூன்று கப்பிகளையும் சுற்றி அளவெடுத்து முடிச்சுப் போட்டார். திரும்பிப் போய், தடித்த மாட்டுத்தோலில் முதுகுப்பக்கமாகப் பார்த்து ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக அறுத்தார். கத்தி ஓரிடத்திலும் தயங்கவில்லை. ரெண்டு முனையையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். சேர்ந்த இடம் எது என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. குத்தூசியால் ஆறு துளை போட்டு மெல்லிய தோல்வாரைக் கோத்து இறுக்கினார். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, வாரை மாட்டி, கடப்பாரையால் நெம்பி முடுக்கியதும், வண்டியைப் போடச் சொன்னார். காத்தாடி சுற்றியது. காசு வாங்கவில்லை. “மேல ஏறாதீங்க, தாங்காது. திரும்பி ஆம்பூர் போயிடுங்க” என்றார். முதல் வளைவைக்கூட நான் எண்ணவில்லை.

ஆம்பூருக்குள் வருவதற்குள் வார் ரெண்டு தரம் நழுவியது. மெக்கானிக் பார்த்துவிட்டு வாட்டர் பம்பும் போச்சு என்றார். கை கொப்புளித்துப்போன மாமாவை வண்டியோடு விட்டுவிட்டு, நாங்கள் பிரியாணி சாப்பிடப் போனோம். சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுதின் சிவப்பு, பக்கத்தில் புளி ஏறிய கத்திரிக்காய். வெளியில் கை நனைக்காத ஆயா ரெண்டாம் தடவை கத்திரிக்காய் கேட்டது. கெட்டுப்போன அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். அப்புறம் ரயிலில் காட்பாடி. தங்கச்சி கூஜாவைக் கட்டிக்கொண்டே தூங்கினாள்.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நைனா பேப்பரை ரெண்டு தரம் படித்தார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றார் நீதிபதி குல்தீப் சிங். தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் போகிறது என்றும், 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போனது என்றும் அதில் இருந்தது. நைனா பென்சிலால் 35ஐச் சுழித்து, ஓரத்தில் ஏதோ பெருக்கினார். கணக்குப்பிள்ளை புத்தி. விடை எழுதாமல் பேப்பரை மடித்துவிட்டார். ரெண்டு வருஷத்தில் ஓய்வு பெறும்வரை அதே ஷாப்புக்குத்தான் போனார்.

அம்மா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்த மே மாதத்திலிருந்தே, மாமா பெங்களூர் ரோட்டில் சவாரி போனால் டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் ஏற்றிவிடுவாள். மின்னூர்ப் பக்கம் அந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போக வேண்டும். சவாரிக்காரன் கத்துகிறான் என்று மாமா சலித்துக்கொள்வார், ஆனாலும் இறக்கிவிடுவார். நாலைந்து வருஷம் நடந்தது.

ஒரு நாள் ராத்திரி கேனைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

“வீடு பூட்டிக் கெடக்குதுக்கா. கொல்லைய வித்துட்டாங்களாம்.”

அம்மா கேனைத் தூக்கிப் பார்த்தாள். எடையே இல்லை.

“தண்ணி?”

“வண்டிக்கு ஊத்திட்டேன்” என்றார் மாமா.