பிள்ளை ஸ்டூடியோ கேட்டால், வளையலை அடகு வைக்க முதல்...



ஓ/எல் முடித்த பிள்ளைகள் பலர் இப்போது வீட்டிலேயே கொம்பியூட்டரில் இசை செய்து பழகுகிறார்கள். இசை கூடுமா, கூடாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பேச வந்தது காசைப் பற்றி.

எங்களிடம் படித்த ஒரு மாணவன் யூடியூப் பார்த்து 9 சாமான்கள் எழுதிக்கொண்டு வந்தான். அதற்காக அவனுடைய உம்மா வளையலை அடகு வைக்கத் தயாராக இருந்தார். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது நம் எல்லோருக்கும் தெரியும். இறக்குமதிச் சாமான் எதுவும் இப்போது மலிவில்லை. அவனோடு உட்கார்ந்து லிஸ்டை ஒவ்வொன்றாக வெட்டினோம். கடைசியில் 2 தான் மிஞ்சின. வளையல் உம்மாவின் கையிலேயே இருக்கிறது. மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று காரணங்களை எழுதுகிறோம்.

கலாசாலையில் நாங்கள் படித்தது இதுதான்: முதலில் பாடத்தை முடிவு செய், பிறகு சாதனத்தைத் தேடு. இங்கும் முதல் கேள்வி, பிள்ளை குரல் பதியப் போகிறானா, கொம்பியூட்டருக்குள்ளேயே இசை செய்யப் போகிறானா என்பதுதான். இரண்டாவது என்றால் மைக்கும் வேண்டாம், ஓடியோ இன்டர்பேஸும் வேண்டாம்.

மிஞ்சிய 2 இல் ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்போன். சீமெந்துத் தரை, வெறும் சுவர் உள்ள சின்ன அறையில் ஸ்பீக்கர் வைத்தால் பேஸ் சத்தம் சரியாகக் கேட்காது. பக்கத்து வீட்டுக்கும் தொல்லை.

மற்றது, யூஎஸ்பி வயரில் வேலை செய்யும் 25 கட்டை மிடி கீபோர்ட். அதற்குள் சத்தம் இல்லை. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்ற செய்தியை மட்டுமே அது அனுப்பும். அதனால் விலை கூடியதை வாங்கினாலும் சத்தம் அழகாகிவிடாது. செகண்ட் ஹேண்ட் என்றால் எல்லாக் கட்டைகளையும் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

சொப்ட்வெயாருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. எல்எம்எம்எஸ் இலவசம். குரலை வெட்டி ஒட்ட ஓடாசிட்டியும் இலவசம். கட்டையை அழுத்திக் கொஞ்சம் பிந்தித்தான் சத்தம் வருகிறதா? கொம்பியூட்டர் பழுது என்று நினைக்காதீர்கள். செட்டிங்கில் பஃபர் 1024 ஆக இருந்தால் அதற்கே ஏறக்குறைய 23 மில்லிசெக்கன் போகும். 128 ஆக்கினால் 3 தான். கரகரவென்று கேட்டால் 256 இல் வையுங்கள்.

கஸீதா, பேச்சு பதியும் பிள்ளைகளுக்கு டைனமிக் மைக் போதும். கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஃபேன், ஆட்டோ, காகம் என்று எல்லாச் சத்தத்தையும் அது இழுத்துக்கொள்ளும். உடுப்பு அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் பதிந்து பாருங்கள். எதிரொலி நன்றாகக் குறையும்.

இருப்பதை வைத்து 3 இசைத் துண்டுகளை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்த சாமான் என்று பிள்ளையோடு பேசிக்கொள்ளுங்கள். அதற்குள் அவனுக்கே எது குறைகிறது என்று தெரிந்துவிடும். கேட்டவுடன் ஏசி அனுப்பிவிடாதீர்கள், கேட்டதையெல்லாம் வாங்கியும் கொடுக்காதீர்கள்.

லிஸ்ட் இருந்தால் கொமெண்டில் போடுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.