பலகைத் துண்டும் விம்பிள்டனும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, வாலாஜாபேட்டையில் நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் பின்புறத்திலிருந்து 'டொக், டொக்' என்று ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தோம். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கையில் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு, ரப்பர்ப் பந்தைச் சுவரில் அடித்துக் கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போகவில்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"அடுத்த வருஷம் விளையாடக் கூடாதாம், ஸார். அதனால் இப்போதே ஆடித் தீர்த்துக் கொள்கிறேன்" என்றாள்.

நமக்குச் சிரிப்பு வந்தது; உடனே வெட்கமும் வந்தது. காரணம் பின்னால் சொல்லுகிறோம்.

அன்றிரவு நமக்கு ஸ்ரீமதி லீலா ராவின் நினைவு வந்தது. 1934-ல் விம்பிள்டன் ஒற்றையர் பந்தயத்தில் ஓர் ஆட்டத்தை ஜயித்த முதல் இந்தியப் பெண்மணி அவர். அவருடைய தாயார் பண்டிதை க்ஷமா ராவும் டென்னிஸ் ஆடியவர். காந்தியடிகளின் அறப்போரை ஸம்ஸ்கிருதத்தில் 'ஸத்யாக்ரஹ கீதை' என்ற காவியமாகச் செய்தவரும் அவரே. ஏடு பிடித்த கை மட்டையையும் பிடித்தது; அதனால் ஏட்டுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

வாலாஜாபேட்டைச் சுவருக்கும் விம்பிள்டன் புல்தரைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். 1884-ல் விம்பிள்டனில் பெண்களுக்கு முதன்முதல் பந்தயம் நடந்தபோது சேர்ந்தவர்கள் 13 பேர்தான். வென்ற மாட் வாட்ஸன் ஒரு பாதிரியாரின் புதல்வி. இறுதி ஆட்டத்தில் அவர் தோற்கடித்தது சொந்தத் தமக்கையையே! பெரும் பந்தயங்களில் 23 ஒற்றையர் பட்டங்கள் பெற்ற செரீனா வில்லியம்ஸ், சிறுமியாக இருந்தபோது பொது மைதானத்தில் தகப்பனாரிடம் பாடம் கேட்டவர். நம் கோயமுத்தூர் நிருபமா வைத்தியநாதனுக்கும் தகப்பனாரே முதல் குரு. 1998-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் அவர் ஓர் ஆட்டம் ஜயித்தார். ஸானியா மிர்ஸா 2005-ல் அமெரிக்கப் பந்தயத்தின் நான்காவது சுற்று வரை சென்றார். ஆசியாவுக்கு முதல் ஒற்றையர் பட்டத்தை 2011-ல் பிரெஞ்சுப் பந்தயத்தில் பெற்றுத் தந்தவர் சீனத்து லீ நா. இந்தியப் பெண் எவரும் அந்தப் பட்டத்தை இன்னும் பெறவில்லை.

பட்டம் கிடைப்பது மைதானத்தில்தான். ஆனால் "ஆடு" என்ற உத்தரவு வீட்டு வாசற்படியில் அல்லவா கிடைக்க வேண்டியிருக்கிறது!

இனி வெட்கத்தின் காரணம். நம் மூத்த பெண் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, "பரீட்சை முக்கியம்" என்று சொல்லி அவளுடைய பூப்பந்து மட்டையைப் பரண்மேல் போட்டவர் நாமே. பரீட்சை முடிந்த பிறகும் அதை இறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறு ஞாயிறன்று அந்த மட்டையைத் துடைத்து எடுத்துக்கொண்டு சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை செய்பவர், தயங்கினார். ஜோடு தைக்கும் தொழிற்சாலைக்குப் போகும் தாயார்தான் பேசினாள்: "தனியாக வேண்டாம், ஸார். நாலு பெண்கள் கூட இருந்து, நீங்களும் இருந்தால் ஆடட்டும்."

நியாயமான நிபந்தனை. ஆகவே இப்போது ஐந்தரை மணி வரை நாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். நேற்று வந்த பெண்கள் ஆறு பேர். மட்டை என்னவோ ஒன்றுதான்; மற்றவை எல்லாம் பலகைத் துண்டுகளே.