மார்கழி தெரியும்... மார்ச் சீசன் தெரியுமா?

கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால், பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் போனில் இருப்பார்கள். அவள் இரண்டாவது ரகம். ஊர் தேர்வாய் கண்டிகை. ஊரை ஒட்டியே ஒரு சிப்காட் இருந்தாலும், அவளுக்கு வேலை கிடைத்தது கும்மிடிப்பூண்டியில்தான்.

ஒருநாள் பஸ்ஸில் போனைத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. பத்துப் பேர் ஒரு சதுரத்துக்குள் குதித்துக்கொண்டே இருந்தார்கள். சலங்கை இல்லை, நகை இல்லை, கதையும் இல்லை. பாதம் தரையில் விழும் சத்தமும் மூச்சிரைப்பும்தான்.

"என்னடி இது, கயிறு இல்லாம ஸ்கிப்பிங் ஆடுறாங்க?" என்று பக்கத்து சீட் தோழி சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் வீடியோவை மாற்றவில்லை.

அது சென்னை நடனக் கலைஞர் ப்ரீத்தி ஆத்ரேயாவின் 'கண்டிஷன்ஸ் ஆஃப் கேரேஜ்' என்பதை அவள் பிறகுதான் தெரிந்துகொண்டாள். 'தற்கால நடனம்' என்ற வார்த்தையே அப்போதுதான் அவளுக்கு அறிமுகம்.

சென்னைக்கு இது புதிதல்ல. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற சந்திரலேகா, 1985-ல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதம், யோகா, களரிப்பயட்டு மூன்றையும் ஒரே மேடையில் கொண்டுவந்தார். சாமி கதைகளைச் சொல்வதைவிட, மனித உடம்பையே பேசவைப்பதுதான் அவர் நோக்கம். 2006-ல் மறையும்வரை பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருந்த அவரது 'ஸ்பேசஸ்' வளாகத்தில் அந்த வேலை தொடர்ந்தது. அவரிடம் ஆடியவர் பத்மினி செட்டூர். பத்மினியிடம் ஆடியவர் ப்ரீத்தி. இருவரும் நண்பர்களோடு 2011-ல் தொடங்கிய 'பேஸ்மென்ட் 21' குழுதான், 2019-ல் 'மார்ச் டான்ஸ்' விழாவை ஆரம்பித்தது. மார்கழி சீசன் ஊருக்கே தெரியும். இந்த மார்ச் சீசன் தெரிந்தவர்கள் குறைவு.

அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை லீவு போட்டாள்.

"சலங்கை கட்டுவாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா."

"சாமி கதையா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்னத்தப் பார்க்கப் போற?"

அவளிடம் பதில் இல்லை. கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் பிடித்தாள்.

முதல் அரை மணி நேரம் அவளுக்கு போர்தான் அடித்தது. ஒரு பெண் மெதுவாகத் திரும்பினாள், நின்றாள், மறுபடியும் திரும்பினாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பெண்ணின் முதுகைக் கவனித்தாள். இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒவ்வொரு எலும்பாகத் திரும்பியது. அவளுடைய இடுப்பும் சுருக்கென்றது. எட்டு மணி நேரம் நின்றபடி, ட்ரேயைத் தூக்கு, திரும்பு, வை, மறுபடியும் தூக்கு. அதே திருப்பம்! கம்பெனியில் ட்ரேக்களை எண்ணுவார்கள். எத்தனை முறை திரும்பினாள் என்று இதுவரை யாரும் எண்ணியதில்லை, அவள் உட்பட. இங்கே ஒரு கூட்டமே மூச்சுவிடாமல் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிவரை அவளால் இருக்க முடியவில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து ஊருக்கும் போய்ச் சேர வேண்டும். குனிந்தபடி எழுந்து, எல்லோர் காலையும் தாண்டி வெளியே வந்தாள். கண் கலங்கியது. நடனம் பாதியில் போனதற்கா, முதுகுக்காகவா என்று அவளுக்கே புரியவில்லை.

திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து நடந்தால் இந்தப் பிரச்னையே இல்லை. கூத்து ஊரைத் தேடி வரும், விடிய விடிய நடக்கும். தூக்கம் வந்தால் அங்கேயே பாயை விரித்துக்கொள்ளலாம். கடைசி ரயிலுக்காக யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னையிலிருந்து ஒரு நடனமாவது இங்கே வரக்கூடாதா? ரயிலில் வரும் வழியெல்லாம் அவள் இதைத்தான் யோசித்தாள்.

வீட்டில் ஆயா விழித்திருந்தார். சிப்காட்டுக்காகச் சுமார் 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம் போவதற்கு முன், அங்கே மாடு மேய்த்தவர். அந்த நிலத்துக்காக ஊரே போராடியதை இன்றும் சொல்வார்.

"எப்படித்தான் ஆடினாங்க? காட்டு பார்ப்போம்."

வாசலில் நின்று, பார்த்ததுபோலவே மெதுவாகத் திரும்பிக் காட்டினாள். சிரிப்பார் என்று நினைத்தாள். ஆயா சிரிக்கவில்லை.

"இப்படித்தான் நாள் முழுக்க நிக்கிறியாடி அங்க?"

வேலைக்குப் போன நாளிலிருந்து வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. ஆயா எழுந்துபோய் தைலம் எடுத்து வந்தார்.

"திரும்பு!"