ராஜதானியாக இருந்த கிராமம்

அரியலூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே ஜயங்கொண்டம் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு முதலில் தரிசனமாவது சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் அவை கிளப்பும் வெண் புழுதியுமே. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பிரதேசம் கடலின் அடியில் கிடந்தது. அக்காலத்துச் சங்குகளும் சிப்பிகளும் கல்லாகி, இன்றும் சுரங்கக் குழிகளில் அகப்படுகின்றன. அந்தச் சுண்ணாம்புதான் இப்போது சிமெண்டாகி நம் வீடுகளுக்கு வந்து சேர்கிறது.

ஜயங்கொண்டத்தை நெருங்க நெருங்க மண் சிவக்கிறது. இரு மருங்கிலும் முந்திரித் தோப்புகள். தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் வயல்களும் வாய்க்கால்களுமாகத் தஞ்சைச் சீமை. இக்கரையிலோ வானம் பார்த்த மேட்டு நிலம். இத்தகைய இடத்தில்தான் முதலாம் ராஜேந்திர சோழன், தந்தை கட்டி வைத்த தஞ்சையை விட்டு வந்து, புதிய தலைநகரை நிர்மாணித்தான்.

கோயிலின் முன் வண்டியை விட்டு இறங்கியதும், எங்களுடன் வந்த சிறுவன் நாலாபுறமும் பார்த்துவிட்டு, "கோயில் இருக்கிறது, ஊரைக் காணோமே?" என்று கேட்டான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். நியாயமான கேள்விதான். சுமார் 250 வருஷம் சோழ சாம்ராஜ்யத்தின் ராஜதானியாக விளங்கிய நகரம், சில தெருக்கள் கொண்ட கிராமமாக அல்லவா இருக்கிறது!

விமானத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. உயரம் சுமார் 180 அடி. தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் குறைவு. தஞ்சை விமானம் வீரனைப் போல் நிமிர்ந்து நிற்கிறது. இதுவோ இடையில் சற்றே உள்வளைந்து, நளினமாக மேலே எழுகிறது. தந்தையின் கோயிலை மிஞ்சக்கூடாதென்று மகன் உயரத்தைக் குறைத்தான் என்பார்கள். இருக்கலாம், ஆனால் கர்ப்பக்கிருகத்திலுள்ள 13 அடி லிங்கத்தைப் பார்த்தால் அடக்கம் ஒன்றே அவன் நோக்கமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. வடக்கு வாயிலருகே சிவபெருமான் சண்டேசருக்குத் தம் கையாலேயே மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. பணிந்து கூப்பிய கைகளும், குனிந்த சிரமும், அம்மையப்பரின் புன்னகையும் எங்களை வெகு நேரம் அங்கேயே நிறுத்திவிட்டன.

ஊர் எங்கே என்ற கேள்விக்கு ஊர்ப் பெயர்களே பாதி விடை சொல்லுகின்றன. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பெயர். மாளிகைமேட்டில் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் மண்ணை அகற்றி, அரண்மனையின் செங்கல் அஸ்திவாரத்தை வெளிப்படுத்தியிருக்கிறார்கள். கூரை ஓடுகளோடு சீன தேசத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. 1025-ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்த அரசனின் வீட்டில் சீனக் கிண்ணம் இருந்ததில் ஆச்சரியமில்லை.

மேட்டு நிலத்தில் இத்தனை ஜனங்களுக்குத் தண்ணீர் ஏது? அதற்குத்தான் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். இப்போது பொன்னேரி என்கிறார்கள். வடநாட்டுப் படையெடுப்பிலிருந்து 1023-ஐ ஒட்டித் திரும்பிய சேனை கொணர்ந்த கங்கை நீர் இதில் வார்க்கப்பட்டது. வெற்றித் தூணைக் கல்லால் நாட்டாமல் நீரால் நாட்டினான் என்னும் கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் காண்கிறோம். ஏரியின் கரை 16 மைல் நீளமென்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட வாய்க்கால் ஒன்றும் வடக்கே வெள்ளாற்றிலிருந்து மற்றொன்றும் இதற்கு நீர் கொணர்ந்தன என்றும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கண்டது அதில் ஒரு பகுதியே.

1279-ஐ ஒட்டிச் சோழ வம்சம் மறைந்தது. பாண்டியர் கை ஓங்கியது. அரண்மனை மண்மேடாயிற்று. ஆனால் கோயிலுக்கு நேர்ந்த பெரிய சேதத்துக்குப் பாண்டியர்மீது பழி போடுவதற்கில்லை. 1836-ல் ஆங்கிலத் துரைத்தனத்தார் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கருங்கல் வேண்டுமென்று கோயிலின் திருமதிலை ஏறக்குறைய முழுவதும் இடித்தார்கள். சிற்பக் கற்கள் பலவும் போயின. ரோமாபுரியில் கொலோசியத்துக் கல்லைப் பெயர்த்துப் பிரபுக்களுக்கு மாளிகை கட்டினார்களே, அந்தக் கதைதான். இங்கே ஏழைக் கிராமவாசிகள் தடுத்துப் பார்த்தார்கள்; அவர்களுக்குக் கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சர்க்கார் வாக்களித்தது. பல வருஷம் கழிந்தும் அந்த வாக்கு நிறைவேறவில்லை என்பதைப் பிற்காலத்து ஆங்கிலேயரே எழுதி வைத்தார்கள். அந்தக் கோயிலைத்தான் 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக் கொண்டது.

மாலையில் தெற்கே அணைக்கரைக்குப் போனோம். மதகுகளின் வழியே தண்ணீர் இரைந்து பாய்ந்து கொண்டிருந்தது. எந்தக் கல் ராஜேந்திரன் மதிலிலிருந்து வந்தது என்று சிறுவன் விரலை நீட்டி நீட்டிக் கேட்டான். சுண்ணாம்பும் பாசியும் மூடிய கற்களில் எதை என்று காட்டுவது? கோபப்படவும் முழு மனதாக முடியவில்லை. இந்த அணையில் தேங்கும் நீர்தான் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்புகிறது. அதுவும் சோழன் வெட்டிய ஏரி. ராஜேந்திரனின் முப்பாட்டன் பராந்தகன் காலத்தது. 2004 முதல் அங்கிருந்து குழாய் வழியாகச் சென்னைப் பட்டணத்துக்குக் குடிநீர் போகிறது.

இருட்டுவதற்குள் கும்பகோணம் போய்ச் சேரவேண்டியிருந்தது. சிறுவன் மட்டும் ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து வண்டியில் ஏறினான்.